புதுப் பெட்டியில் ராணி நலமா என்று பார்ப்பது எப்படி

1

இது கதையாகத் தொடங்கியதல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விவசாய மாத இதழ் நடத்துகிறவர் ஒருவர் என்னிடம் கட்டுரை கேட்டிருந்தார். "புதுசா வச்ச தேனீப் பெட்டியில ராணி நல்லாருக்கா, குஞ்சு நல்லாருக்கான்னு பார்க்கறது எப்படி? அதை மட்டும் தெளிவா எழுதிக் குடுங்கம்மா. உங்க ஊர்லதான் வீட்டுக்கு வீடு பெட்டி இருக்கே."

இருக்கிறது. கர்நாடகத்துச் சிர்சிப் பக்கத்துப் பாக்குத் தோட்டங்களில் பெட்டி இல்லாத வீடு குறைவு. ஆனால் வங்கி வேலையாக இங்கே வந்து, இந்த ஊர் பட்டர் ஒருவரைக் கட்டிக்கொண்டு, வேலையிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்ட எனக்குத் தேனீயைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது கொட்டினால் வலிக்கும் என்பதுதான். அதனால் பக்கத்துத் தோட்டத்து கஜானன ஹெக்டேயிடம் போனேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது அங்கேதான்.

2

கட்டுரையின் முதல் வரி:

[புதுக் கூட்டத்தைப் பெட்டியில் வைத்த பிறகு ஒரு வாரம் தொந்தரவு செய்யாமல் விட்டு, பின்னர் வெயிலேறிய நேரத்தில் மெல்லத் திறந்து]

அடித்துவிட்டேன். கஜானன ஒரு வாரம் விட்டு வைக்கவில்லை. நாள் தவறாமல் திறந்தான்.

[தேனீயைப் போலப் பெண்ணும்]

இதையும் அடித்தேன். இதை எழுதிய கையை அடித்திருக்க வேண்டும்.

[கஜானன ஹெக்டேக்கு நாற்பத்தொரு வயதில் கல்யாணம் ஆயிற்று.]

இது இருக்கட்டும். இது பொய்யில்லை. தோட்டம் இருக்கிற பையனுக்கு இங்கே பெண் கிடைப்பதில்லை. நம்மூர்ப் பெண்கள் எல்லோரும் பெங்களூரில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பாக்கு உரிக்க யாரும் வரத் தயாரில்லை. அதனால் தரகர் வைத்து, ரயிலேறி, கங்கைக் கரைப் பக்கம் போய்ப் பெண் பார்த்து வருகிறார்கள். கஜானனவுக்கு மிர்சாப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள் குசும். வந்த புதிதில் அவளுக்குக் கன்னடம் தெரியாது, கஜானனவுக்கு இந்தி தெரியாது, மாமியார் பாகீரதியம்மாவுக்கு இரண்டும் தெரிந்திருந்தாலும் பொறுமை கிடையாது. வங்கியில் கற்ற என் உடைந்த இந்திதான் கொஞ்ச காலம் அந்த வீட்டின் பேச்சுப் பாலம். இப்போது குசும் கன்னடம் பேசுகிறாள். சண்டை போடுகிற அளவுக்கே பேசுகிறாள்.

(இங்கே யார் எந்த மொழியில் பேசினாலும் நான் தமிழில்தான் எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கே என் எழுத்தைப் படிக்கத் தெரியாது. எங்கள் இல்லறம் அமைதியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.)

3

இப்போது பெட்டி.

பாக்கு அறுவடை நடந்துகொண்டிருந்த மார்கழியில், கஜானனவின் தோட்டத்துப் பலா மரக் கிளையில் ஒரு தேனீக் கூட்டம் வந்து தொங்கியது. சின்னக் கூட்டம், தேங்காய் அளவு. கூடையைக் கீழே பிடித்து, கிளையை ஒரு உலுக்கு உலுக்கி, பெட்டியில் கொட்டினான். வாசலில் தகடு மாட்டினான்.

அந்தத் தகடுதான் விஷயமே. சிறு துளைகள் வைத்த தகரத் துண்டு. வேலைக்காரத் தேனீ அதில் நுழைந்து போய் வரலாம். ராணி கொஞ்சம் பருமன், அவளால் வெளியே வர முடியாது. நம் நாட்டுத் தேனீ கொஞ்சம் ரோஷக்காரி. இடம் பிடிக்கவில்லை என்றால் கூட்டத்தோடு கிளம்பிவிடுவாள். ராணி உள்ளே மாட்டிக்கொண்டால் கூட்டம் எங்கே போகும்? முட்டை வைத்து, குஞ்சு வந்துவிட்டால் பிறகு பயமில்லை. குஞ்சை விட்டுவிட்டுத் தேனீ சுலபத்தில் ஓடாது. அப்போது தகட்டைக் கழற்றிவிடலாம். இது இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வது.

அடுத்த பத்தியைக் கட்டுரைக்காகவே எழுதினேன். நன்றாக வந்திருப்பதால் இங்கேயும் வைக்கிறேன்:

தேனடை கட்டியிருக்கும் மரச் சட்டத்தை வெளியே எடுத்து, வெயிலுக்கு முதுகு காட்டி நின்று பிடியுங்கள். வெளிச்சம் உங்கள் தோளுக்கு மேலாக, அடையிலுள்ள சிற்றறைகளின் அடிவரை விழ வேண்டும். அறைக்கு ஒன்றாக, அடியில் நட்டுவைத்த மாதிரி, ரவையைவிடச் சிறிய வெள்ளை முட்டை நின்றால் ராணி இருக்கிறாள், நலமாக இருக்கிறாள். அவளைத் தேடி அலைய வேண்டாம். ஒரே அறையில் நாலைந்து முட்டை கண்டபடி கிடந்தால் ராணி இல்லை, வேலைக்காரிகள் வைத்தது. புழு பால் வெள்ளையாகச் சுருண்டு படுத்திருந்தால் நலம். தலையைத் தூக்கியபடி, பைக்குள் தண்ணீர் கட்டியது போல் செத்துக் கிடந்தால் நோய். பக்கத்துப் பெட்டிக்காரருக்கு உடனே சொல்லுங்கள்.*

* இந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னது கஜானன. "சொல்ல மாட்டானுங்க அக்கா. வெக்கப்படுவானுங்க. வீட்ல குறைன்னா யார் சொல்வா?" என்றான்.

கஜானனவின் பெட்டியில் புழுவுமில்லை, நோயுமில்லை. புது அடை வெள்ளை வெளேரென்று கட்டியிருந்தது. அறைகள் காலியாக இருந்தன. மறுநாளும் காலி. அதற்கு மறுநாளும். மற்றப் பெட்டிகளில் தேனீக்கள் காலில் மஞ்சள் உருண்டையாக மகரந்தம் கட்டிக்கொண்டு வந்தன. இதில் வந்தவை வெறுங்காலோடு வந்தன. ஊட்ட வேண்டிய பிள்ளை இல்லாத வீட்டில் யார் சமைப்பார்கள்?

[கடைசி வாக்கியத்தை அடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் பிள்ளை இல்லை. நாங்கள் மூன்று வேளையும் சமைத்துத்தான் சாப்பிடுகிறோம்.]

4

எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ராணியைக் குசுமுக்கு உவமையாக்கக் கூடாது. எழுதத் தொடங்கிய நாளிலிருந்து காவல் காத்தேன். அது மலிவு, யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள், வாசகர் மூன்றாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துக் கொட்டாவி விடுவார்.

ஆனால் பாகீரதியம்மாவுக்கு இலக்கியக் கவலை ஏதுமில்லை. ஒரு நாள் மதியம் அவர்கள் வீட்டு முற்றத்தில் பாக்கு உரித்துக்கொண்டிருந்தோம். குசும் எங்களுக்கு எதிரே, மணைக்கத்தியின் வளைவில் பாக்கை வைத்து, தோலை ஒரே இழுப்பில் உரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்தில் இந்த ஊர்ப் பெண்களைவிட வேகமாகக் கை ஓடுகிறது. கஜானன பெட்டியை மூடிவிட்டுத் தோட்டத்திலிருந்து வந்தான்.

"என்னடா, ஏதாவது இருக்கா?" என்றார் பாகீரதியம்மா.

"ஒண்ணுமில்லம்மா. காலி."

"ஹும். வெளியிலயும் காலி, வீட்லயும் காலி. ரெண்டு ராணியக் கொண்டாந்தான் எம் மகன், ரெண்டும் சும்மா உக்காந்து தின்னுது."

எல்லோரும் பாக்கைப் பார்த்தோம். குசும்தான் பேசினாள். "நான் சும்மா திங்கல அத்தை. இந்தக் கூடை நான் உரிச்சது. அந்தக் கூடையும்."

"நான் உன்னையச் சொன்னேனா?"

"பேர் சொல்லல. அவ்வளவுதான் பாக்கி."

பாகீரதியம்மா என் பக்கம் திரும்பினார். "பாரு தங்கச்சி, என்ன வாய்! நீ அந்தக் காலத்துல எங்கிட்ட இப்படிப் பேசினியா?"

பேசவில்லை. அதுதான் என் கஷ்டம். என்னையும் இதே முற்றத்தில் வைத்து, விசேஷம் உண்டா என்று வருஷக்கணக்கில் கேட்டார்கள். தீபாவளிக்குக் கேட்டார்கள், சாவு வீட்டில் கேட்டார்கள், தண்ணீர்க் குடத்தோடு போகும்போது நிறுத்தி வயிற்றைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள். நான் சிரித்தேன். சிரித்துச் சிரித்தே தாடை வலித்தது. கேட்பதை நிறுத்தியது என் தலை நரைத்த பிறகுதான். அந்தக் கோபம் இன்னும் என்னிடம் இருக்கிறது. குசுமைப் பற்றி நான் எழுதுகிற ஒவ்வொரு வரியிலும் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. வாசகர்கள் கழித்துக்கொண்டு படிக்கவும்.

ஆக என் காவல் அன்றோடு முடிந்தது. உவமையை நான் எழுதவில்லை. மாமியார் சொல்லிவிட்டார்.

5

குசுமின் தங்கைக்குச் சங்கராந்தி கழிந்து கல்யாணம். அவள் போக வேண்டும். கல்யாணமாகி வந்தபின் ஒரு தடவைகூட அம்மா வீட்டுக்குப் போனதில்லை.

"போகலாம், யார் வேண்டாங்கறா?" என்று பாகீரதியம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "வயித்துல ஒண்ணு தங்கட்டும், நானே ரயிலேத்தி விடறேன்."

இதற்குப் பின்னால் இருப்பது கொடுமை என்று எழுதினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அது பயம். மேல்கேரி என்கிற மேலத் தெருவில் இருக்கும் சுப்ராயன் பெண்டாட்டி, அவளும் அந்தப் பக்கத்துக்காரிதான், ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. சுப்ராயன் இப்போது தானே குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்திருக்கிறான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, போகிற வருகிறவர்கள் எல்லாம் "என்ன சுப்ராயா, ரயில் லேட்டா?" என்று கேட்கிறார்கள். பாகீரதியம்மா தன் மகனை அந்த நிறுத்தத்தில் வைத்துப் பார்க்கிறார். பார்த்துப் பார்த்து அந்த அம்மாளும் களைத்துத்தான் போயிருக்கிறார்.

கஜானன என்ன சொன்னான் என்று எழுத இந்த இடத்தில் ஒரு பத்தி விட்டிருந்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பத்தி காலியாகவே இருக்கிறது.

6

இனி வருவது இந்தக் கதையின் முக்கியமான காட்சி. நான் அங்கே இல்லை. என்னிடம் இரண்டு வடிவங்கள் இருக்கின்றன, இரண்டும் பொருந்தவில்லை.

கஜானன சொன்னது: ராணி மலடு என்று முடிவு செய்துவிட்டான். அவளைத் தேடிப் பிடித்து நசுக்கிவிட்டு, வேறு பெட்டியிலிருந்து புது ராணி வளர்கிற கூடு ஒன்றை அடையோடு வெட்டி வந்து வைப்பது என்று திட்டம். இதுவும் எல்லோரும் செய்வதுதான். சட்டத்தை வெயிலில் தூக்கினான். ராணி ஓடினாள். பார்த்தால் ஒல்லி, வயிறே இல்லை, ஓட்டமோ ஓட்டம். முட்டையிடுகிற ராணி அப்படி ஓட மாட்டாள், நடப்பாள். "அப்பத்தான் அக்கா மண்டையில உறைச்சது. ரெண்டாவதாப் பிரிஞ்ச கூட்டம்! முதல்ல பிரியற கூட்டம் பழைய ராணியோட வரும். அப்புறம் பிரியற சின்னக் கூட்டத்துல புதுசாப் பொறந்த கன்னி ராணி. அவ வெளிய பறந்து போயி, ஆண் தேனீயோட சேர்ந்துட்டுத் திரும்பி வந்தாத்தான் முட்டை. நான் மடையன், வாசல்ல தகடப் போட்டு வச்சுருக்கேன்."

முட்டை வந்தால் தகட்டை எடுப்பான். தகட்டை எடுத்தால்தான் முட்டை வரும். இத்தனை வருஷம் பெட்டி வைத்தவன், தினமும் திறந்து பார்த்தவன், வாசலை மட்டும் பார்க்கவில்லை.

குசும் சொன்னது: சட்டத்தின் மறுமுனையைப் பிடித்திருந்தது அவள். கஜானனவின் கட்டைவிரல் ராணியின் மேல் இறங்கப் போனது.

"இதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"இதுக்கு. கல்யாணம் ஆச்சான்னு கேட்டேன். தினம் மத்தியானம் வாசல்ல வந்து நிக்குது. தகட்டுல முட்டுது. திரும்பிப் போகுது. நான் துணி காயப்போடும்போது பார்த்துட்டேதான் இருக்கேன்."

"ஓடப் பாக்குது. அதுக்குத்தான் தகடு."

"ஓடப் பாக்குதுன்னு எப்படித் தெரியும்? கேட்டீங்களா?"

கஜானன விரலை எடுத்துவிட்டான். குசும் விடவில்லை. "வாசலையும் அடைச்சு வச்சுட்டு, பெக்கலைன்னு கொல்லவும் வர்றீங்க. இதென்ன நியாயம்?"

கஜானனவின் வடிவத்தில் குசுமே இல்லை. குசுமின் வடிவத்தில் கஜானனவுக்கு மூளை இல்லை. கட்டுரையாக இருந்தால் கஜானனவுடையது போதும். கதை என்பதால் குசுமுடையதை முன்னால் வைக்க ஆசை. [ஆனால் அவள் அந்தக் கடைசி வாக்கியத்தை அங்கேதான் சொன்னாளா, என்னிடம் சொல்லும்போது சேர்த்துக்கொண்டாளா? நானாக இருந்தால் சேர்த்திருப்பேன்.]

எப்படியோ, தகடு கழன்றது. அது இரண்டிலும் ஒன்று.

7

கன்னி ராணி பறக்கப் போவது சும்மா விஷயமில்லை. பாதி வழியில் குருவி பிடித்துவிடலாம். பக்கத்துப் பெட்டியைத் தன் வீடு என்று நினைத்து நுழைந்தால் அங்கேயே கொன்றுவிடுவார்கள். அதிக நாள் அடைந்து கிடந்துவிட்டால் பறந்தும் பயனில்லை, ஆண் தேனீதான் பிறக்கும். கஜானன அன்று மத்தியானமெல்லாம், இங்கே காப்பிக்குப் பதில் குடிக்கிற கஷாயம் கையில் ஆறியது தெரியாமல் பலா மரத்தடியில் நின்றான். ராணி போனதைப் பார்த்தேன் என்றான். வந்ததைப் பார்க்கவில்லை.

பிறகு பெட்டியைத் தொடவில்லை. அவனாகத் தொடாமல் இருந்தான் என்று நினைக்காதீர்கள். குசும் பெட்டியின் மேல் ஒரு சட்டி நிறைய ஊறுகாய் நெல்லிக்காயை வெயிலில் வைத்துவிட்டாள். யாரும் நகர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டாள். கஜானன சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

சட்டியை அவளே எடுத்த நாளில் என்னையும் கூப்பிட்டார்கள். கஜானன சட்டத்தை உயர்த்தினான், என் தோளுக்கு மேலாக வெளிச்சம் விழுந்தது. கட்டுரையில் எழுதியதை முதல் தடவையாக என் கண்ணால் பார்த்தேன். அறைக்கு ஒன்று. நட்டுவைத்த மாதிரி. ஒரு பக்கம் புழுக்கள், பால் வெள்ளையாக, சுருண்டு.

"வந்துட்டா!" என்றான் கஜானன. சட்டத்தை எங்கள் பக்கம் திருப்பினான். "பாத்தீங்களா அக்கா, திறந்துவிட்டா வருவா. தானா வருவா!"

அந்த வாக்கியம் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. அவன் யாரைப் பற்றிச் சொல்கிறான் என்று குசுமுக்கும் தெரிந்தது. அவள் முட்டைகளைப் பார்த்துக்கொண்டே, "சரி. எனக்கு எப்ப டிக்கெட்?" என்றாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கஜானன தன் அம்மாவிடம் வாய் திறந்தானாம். "அவ போகட்டும்மா. தங்கச்சி கல்யாணம்." பாகீரதியம்மா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். ஆனால் ரயில் பிடிக்க ஹூப்ளி பஸ் ஏறுகிற காலையில், பலாப்பழ அப்பளம் ஒரு கட்டு கொண்டுவந்து குசுமின் பைக்குள் திணித்தது அவர்தான்.

8

இங்கே முடித்திருக்கலாம். முட்டை இருக்கிறது, பஸ் இருக்கிறது, அப்பளம் இருக்கிறது. அழகான முடிவு. கதைக்காரிக்கு நிறுத்தத் தெரிய வேண்டும்.

கல்யாணம் முடிந்தது. குசும் வருவதாகச் சொன்ன நாள் வந்தது, போனது. கஜானன போன் செய்தால் எடுக்கிறாள். நன்றாகப் பேசுகிறாள். பாக்கு விலை கேட்கிறாள், மாமியாரின் முழங்கால் வலி பற்றிக் கேட்கிறாள். எப்போது வருகிறாய் என்றால் "பார்க்கலாம்" என்கிறாள்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

[முதல் முடிவு: குசும் ஒரு நாள் வந்து இறங்குகிறாள். கையில் இரண்டு பை. பாகீரதியம்மா ஓடிப் போய்] அடித்தேன். மாமியாருக்கு முழங்கால் வலி, ஓட மாட்டார்.

[இரண்டாவது முடிவு: குசும் வரவில்லை. அங்கேயே ஒரு தையல் கடை] இதை எழுதும்போது கை சந்தோஷமாக ஓடியது. நான் சிரித்துக் கழித்த வருஷங்களுக்கெல்லாம் அவள் பழி வாங்குவது போல் இருந்தது. என் பழியை வாங்க அவள் எதற்கு? அடித்தேன்.

[மூன்றாவது முடிவு: வருகிறாள், எனக்காக.] இதை யாரிடமும் சொல்லாதீர்கள். அவள் போனபின் இந்தக் கேரியில் என்னோடு சண்டை போட ஆளில்லை. வெளியூர்க்காரி இன்னொருத்தி இருந்தாள், இப்போது நான் மட்டும். தனியாக இருக்கிறது.

ஆகவே என் பேனாவை இந்த விஷயத்தில் நம்ப முடியாது. மூன்று பக்கமும் இழுக்கிறது. எனக்கும் எழுத எழுத அசதி வருகிறது.

9

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கஜானன வந்துவிட்டான். இரண்டு நாளாக வருகிறான். அவனைப் பற்றி நான் எழுதுகிறேன் என்று என் வீட்டுக்காரர் உளறிவிட்டார். எதிரே உட்கார்ந்து, படித்துச் சொல்லச் சொன்னான். முதலிலிருந்து கன்னடத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். "மூளை இல்லை" என்ற இடத்தில் சிரித்தான். சுப்ராயன் வந்த இடத்தில் தரையைப் பார்த்தான். மூன்றாவது முடிவைத் தாண்டிக் குதித்துவிட்டேன்; அது அவனுக்கு வேண்டாம்.

"அவ வர்றாளா இல்லையா, அதை மட்டும் படிங்க அக்கா."

"இன்னும் எழுதல."

"வர்றான்னு எழுதிடுங்களேன்."

"எழுதினா வந்துடுவாளா? அவ தேனீ இல்ல கஜானனா. முட்டை வைக்கிறதுக்காகத் திரும்பி வர."

"தெரியும்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "தெரியும் அக்கா. அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது தப்பு. அவ மூஞ்சியப் பாத்தேன்."

இந்த மனிதனை இவ்வளவு தூரமும் நான் ஒரு மண்டூகமாகவே எழுதிவிட்டேன். இப்போது எட்டுப் பகுதிகளைத் திருத்த எனக்குத் தெம்பில்லை. நீங்களே மனதில் திருத்திக்கொள்ளுங்கள்.

"நான் போகட்டுமா?" என்றான். "மிர்சாப்பூருக்கு."

"போயி?"

"கூட்டிட்டு வரணும்னு இல்ல. சும்மா. அவ வீட்ல நாலு நாள் இருக்கலாம். அவங்க பேச்சு எனக்குப் புரியாது, ஒரு மூலையில உக்காந்துக்கறேன். ஆனா நான் போயி நின்னா, பிடிக்க வந்துட்டான்னு நினைப்பா. போகாம இருந்தா, இவனுக்கு நான் வேண்டாம் போலன்னு நினைப்பா. எது அக்கா?"

 மருமகளாக இருந்து பார்த்தவள் நான். அம்மா வீட்டுக்குப் போய்விட்ட என்னைத் தேடி என் வீட்டுக்காரர் ஒரு தடவை காரைக்குடி வரை வந்தார்; வந்திருக்க வேண்டாமே என்று அன்று நினைத்தேன். அடுத்த தடவை வரவில்லை. வரவில்லையே என்று நினைத்தேன். இரண்டு நினைப்பும் உண்மைதான்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் காகிதத்தைப் பார்க்கிறேன். நான் தொடர்ந்து படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இதற்கு மேல் காகிதத்தில் ஒன்றுமில்லை. நீங்கள் முதலிலிருந்து கூடவே வந்திருக்கிறீர்கள், குசும் பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அவள் மேல் எனக்கிருக்கிற ஆசையும் கோபமும் உங்களுக்கில்லை. நீங்களே சொல்லுங்கள். நான் அதை அப்படியே கன்னடத்தில் அவனிடம் சொல்லிவிடுகிறேன்.

மெதுவாகவே யோசியுங்கள். ஹூப்ளி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது.